அறுவது தந்தி, குற்றம் குதிரையில்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்றதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருபவை தொழிற்கூடங்களே. 1964-இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டை, அதற்கும் முன்பே சைக்கிள் உற்பத்தியால் பெயர்பெற்ற டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ், 1960-களில் விஜயந்தா டாங்கியை உருவாக்கிய ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை என்று அந்தப் பட்டியல் நீளும். இதே பகுதிகளில் இசையும் வாழ்கிறது. தேவாலயப் பாடற்குழுக்கள், திருமண மண்டபங்களில் பாடும் மெல்லிசைக் குழுக்கள், கல்லூரி மாணவர்களின் சிறு இசைக்குழுக்கள் எனக் கிடாரும் கீபோர்டுமாக நூற்றுக்கணக்கான இளைஞர்கள் இங்கே இருக்கிறார்கள்.

இந்த இளைஞர்களில் பேஸ் கிடார் இசைப்பவர்கள் சிலரிடம் ஒரே புலம்பலை அடிக்கடி கேட்கிறேன். தந்தி அறுந்துகொண்டே இருக்கிறது. புதிதாக மாற்றினாலும் சில வாரங்களில் அதே இடத்தில், குதிரையின் மேலேயே, மறுபடியும் அறுகிறது என்கிறார்கள். அம்பத்தூரில் டூல் ரூம் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன், ஞாயிற்றுக்கிழமைகளில் பேஸ் கிடார் இசைப்பவன் என்ற இரண்டு தகுதிகளில் இதைப் பற்றி எழுதத் தோன்றியது. இந்தச் சிக்கலுக்கான விடையை நம் ஊர்ப் பட்டறைகள் நெடுங்காலமாக அறிந்திருக்கின்றன. பட்டறைக்கும் பாடற்குழுவுக்கும் இடையே பேச்சுவார்த்தை இல்லை என்பதுதான் குறை.

அறுவது இயல்பா?

பேஸ் கிடார் ஒப்பீட்டளவில் இளைய கருவி. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951-இல் 'பிரிசிஷன் பேஸ்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்த வடிவமே இன்றைக்கும் அடிப்படையாக நிற்கிறது. நான்கு தந்திகள், இரு முனைகளுக்கு இடையே ஒலிக்கும் நீளம் 34 அங்குலம். தமிழ்த் திரையிசைக் கேட்பவர்களுக்கு இந்தக் கருவியின் பெயர் தெரியாமல் இருக்கலாம். அதன் ஒலி தெரியாமல் இருக்க முடியாது. இளையராஜாவின் பாடல்களில் சசிதரனும், ஏ.ஆர்.ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸும் வாசித்த கீழ்ச்சுர ஓட்டங்களே அந்தப் பாடல்களைத் தாங்கும் தரை.

சாதாரண கிடாரின் மெல்லிய தந்தி அறுவது அன்றாட நிகழ்வு. பேஸ் தந்தி அப்படிப்பட்டதன்று. அது ஒற்றைக் கம்பி இல்லை. நடுவே உயர்கார்பன் எஃகாலான உள்கம்பி, அதன்மேல் நெருக்கமாகச் சுற்றப்பட்ட நிக்கல் பூச்சுள்ள எஃகுக் கம்பி என இரண்டு அடுக்குகள் கொண்டது. மோடவுன் நிறுவனத்தின் புகழ்பெற்ற பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் தம் கருவியின் தந்திகளை ஆண்டுக்கணக்கில் மாற்றாமலே வாசித்தவர் என்பது இசையுலகில் பரவலாகத் தெரிந்த செய்தி. ஆகவே, பேஸ் தந்தி ஒருமுறை அறுந்தால் அதைத் தற்செயல் என்று விடலாம். ஒரே இடத்தில் இரண்டு, மூன்று முறை அறுந்தால் அது கருவி நமக்குச் சொல்லும் செய்தி.

அந்தச் செய்தியை நாம் எப்படிப் படிக்கிறோம்? கடையில் கேட்டால், 'விலை உயர்ந்த தந்தியை வாங்குங்கள்' என்கிறார்கள். குழுவில் கேட்டால், 'உன் கை கனம், மெதுவாக வாசி' என்கிறார்கள். முதல் அறிவுரை பணத்தைக் கரைக்கிறது. இரண்டாவது நம்பிக்கையைக் கரைக்கிறது. இறக்குமதித் தந்தித் தொகுப்பு ஒன்றின் விலை ஆயிரம் ரூபாய்க்கு மேல். தனித் தந்தி எளிதில் கிடைப்பதில்லை என்பதால், ஒன்று அறுந்தாலும் நான்கையும் வாங்க வேண்டியிருக்கிறது. மேடைக்கு மேடை ஊதியம் பெறும் கலைஞருக்கு இது சிறிய தொகை இல்லை. பாடல் நடுவே தந்தி அறுந்தால் அடுத்த வாய்ப்பும் கைநழுவக்கூடும். பேஸ் கிடாருக்கு மாற்றுக் கருவி வைத்திருக்கும் குழுக்கள் நம் புறநகரில் மிகக் குறைவு.

ஏன் குதிரையில்?

வீணையிலும் வயலினிலும் தந்தியைத் தாங்கும் பாகத்தைத் தமிழில் குதிரை என்கிறோம். பேஸ் கிடாரின் குதிரை உலோகத்தாலானது. அதன்மேல் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனியே ஒரு சிறு உலோகத் துண்டு உண்டு. அதற்கு ஆங்கிலத்தில் 'சாடில்', அதாவது சேணம் என்று பெயர். குதிரைக்குச் சேணம் பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது. பின்புறம் மாட்டப்பட்ட தந்தி இந்தச் சேணத்தின் மேலேறி, அங்கே வளைந்து, கழுத்தை நோக்கிச் செல்கிறது.

ஒவ்வொரு தந்தியிலும் ஏறத்தாழ 16 முதல் 22 கிலோ வரை இழுவிசை இருக்கிறது. இந்த விசை முழுவதையும் தாங்குவது நடுவிலுள்ள உள்கம்பி மட்டுமே. மேலே சுற்றப்பட்ட கம்பி எடையைக் கூட்டி ஒலியைத் தாழ்த்துகிறதே தவிர, இழுவையைத் தாங்குவதில்லை. நான்கில் மெல்லியதான ஜி தந்தியின் உள்கம்பி அரை மில்லிமீட்டர் அளவே இருக்கும். கணக்கிட்டுப் பார்த்தால், அது அறுவதற்குத் தேவையான விசையில் ஏறத்தாழ பாதியை எப்போதும் சுமந்தபடியே நிற்கிறது. பெரும்பாலும் ஜி தந்தியே முதலில் அறுவதன் காரணம் இதுதான்.

பாதிச் சுமைதானே, பிறகு ஏன் அறுகிறது? இதற்கு விடை உலோகச் சோர்வு. சைக்கிள் சக்கரத்தின் ஸ்போக் கம்பி எங்கே ஒடிகிறது என்பதை நாம் அறிவோம். நடுவில் ஒடிவதில்லை, ஹப்பில் மாட்டும் வளைவில்தான் ஒடிகிறது. இருசக்கர வாகனத்தின் கிளட்ச் கேபிளும் நடுவழியில் அறுவதில்லை. லிவர் முனையில், வளைந்து வளைந்து நிமிரும் இடத்தில்தான் இழை இழையாகப் பிரிந்து அறுகிறது. ஒரு கம்பி ஒரேயடியாகத் தாங்கக்கூடிய சுமையைவிட மிகக் குறைந்த சுமையும், இலட்சக்கணக்கான முறை ஏறி இறங்கினால் அதை ஒடித்துவிடும். பிரஷ்ய ரயில்வேயின் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 1850-களிலும் 60-களிலும் ரயில் அச்சுகளை வைத்து இதை முறையாக ஆராய்ந்து காட்டினார்.

தந்திக்கும் அதே விதி. ஜி தந்தி விநாடிக்கு 98 முறை அதிர்கிறது. நான்கு நிமிடப் பாடல் முழுவதும் அது ஒலித்துக்கொண்டிருந்தால், இருபதாயிரம் முறைக்கு மேல் சேணத்தின் விளிம்பில் வளைந்து நிமிர்கிறது. கழுத்துப் பக்கத்தில் விரல் வைக்கும் இடம் சுரத்துக்குச் சுரம் மாறுவதால் அங்கே தேய்மானம் பல இடங்களுக்குப் பகிர்ந்துவிடும். குதிரைப் பக்கம் மட்டும் எந்தச் சுரம் வாசித்தாலும் வளையும் புள்ளி ஒன்றே.

வளைவு வழவழப்பாக இருந்தால் தந்தி ஆண்டுக்கணக்கில் இதைத் தாங்கும். அந்த இடத்தில் ஒரு பிசிறு, ஒரு கூரிய விளிம்பு, ஒரு நுண்ணிய கீறல் இருந்தால் விசை முழுவதும் அந்தப் புள்ளியில் குவிகிறது. விரிசல் அங்கே பிறந்து, ஒவ்வோர் அதிர்விலும் சிறிது வளர்ந்து, ஒருநாள் மேடையில் முடிகிறது.

பிசிறு எங்கிருந்து வருகிறது?

விலை குறைந்த பேஸ் கிடார்களில் சேணத்தைத் துத்தநாகக் கலப்பு உலோகத்தில் வார்த்து, மேலே குரோமியப் பூச்சு பூசுவது வழக்கம். வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேரும் கோட்டில் எழும் மெல்லிய வரம்பைச் சரியாகத் தேய்க்காமல் விட்டால், அது தந்தியின் அடியில் கத்திபோல் நிற்கும். இது முதல் வகை.

இரண்டாவது வகையைத் தந்தியே உருவாக்குகிறது. உருண்டைக் கம்பி சுற்றப்பட்ட தந்தியின் மேற்பரப்பு அரத்தின் பற்களைப் போன்றது. சுருதி சேர்க்கும் ஒவ்வொரு முறையும் அது சேணத்தின் மேல் முன்னும் பின்னும் நகர்ந்து அராவுகிறது. பூச்சு உரிந்து, அடியிலுள்ள மென்மையான உலோகத்தில் பள்ளம் விழுந்து, பள்ளத்தின் ஓரங்கள் கூராகின்றன. பழைய கருவி திடீரெனத் தந்தியை அறுக்கத் தொடங்குவது இப்படித்தான்.

மூன்றாவது, வளைவின் கோணம். சில கருவிகளில் தந்தியை உடற்பலகையின் பின்புறத்திலிருந்து துளை வழியாக மேலேற்றுவார்கள். அப்போது சேணத்தின் மேல் வளைவு செங்குத்தாகிறது. தடித்த தந்திக்கு அது கடும் மடிப்பு. நான்காவது, தந்தியின் அடிமுனை. முனையிலுள்ள சிறு உலோக உருளையைச் சுற்றி உள்கம்பி தன்மீதே முறுக்கப்பட்டிருக்கும். குதிரையின் நீளம் குறைவாக இருந்தால் அந்த முறுக்குப் பகுதி சேணத்தின் மேல் வந்து அமரும். முறுக்கின் மேல் மடிப்பும் சேர்ந்தால் எவ்வளவு விலையுயர்ந்த தந்தியும் நிலைக்காது.

ஐந்தாவது நம் தட்பவெப்பம். சென்னையின் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்க்காமல் வாசிப்பவர் யார்? ஒலியை அடக்குவதற்காகக் கையின் விளிம்பைக் குதிரையின் மேலேயே ஊன்றுகிறோம். உப்புள்ள வியர்வை சுற்றுக்கம்பிகளின் இடுக்கில் இறங்கி உள்கம்பியில் துருவை உண்டாக்குகிறது. துருவின் ஒவ்வொரு குழியும் விரிசலுக்கான விதை.

ஆறாவது சுருதி. கீபோர்டு இசைப்பவர் பாடகரின் குரலுக்கேற்ப ஒரு பொத்தானை அழுத்திச் சுருதியை ஏற்றிவிடுகிறார். பேஸ் இசைப்பவர் விரல் இடத்தை மாற்றாமல், தந்தியை முறுக்கி ஏற்றுகிறார். அரைச் சுரம் ஏற்றினால் இழுவிசை ஏறத்தாழ 12 விழுக்காடு கூடும். முழுச் சுரம் ஏற்றினால் 26 விழுக்காடு கூடும். வாரந்தோறும் ஏற்றி இறக்கினால் சேணத்தின் மேல் அராவுதலும் கூடவே நடக்கும்.

கை கனம் என்ற குற்றச்சாட்டிலும் ஓரளவு உண்மை உண்டு. கட்டைவிரலால் தட்டி வாசிக்கும்போது தந்தியின் மேல் சுமை கூடுகிறது. ஆனால், கனத்த கை தந்தியின் ஆயுளைச் சற்றுக் குறைக்குமே தவிர, ஒரே தந்தி ஒரே புள்ளியில் திரும்பத் திரும்ப அறுவதை அது மட்டும் விளக்காது.

சான்றைக் குப்பையில் போடாதீர்

தொழிற்கூடத்தில் ஓர் அச்சோ போல்ட்டோ ஒடிந்தால், முதலில் ஒடிந்த துண்டைத்தான் கேட்பார்கள். ஒடிந்த முகத்தைப் பார்க்காமல் புதியதை மாட்டும் மேற்பார்வையாளர் நல்ல மேற்பார்வையாளர் அல்லர். இசைக்கலைஞர்களோ அறுந்த தந்தியை அன்றே குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

ஆவடியில் ஒரு பாடற்குழுவில் வாசிக்கும் கல்லூரி மாணவர், சில மாதங்களுக்குள் மூன்று ஜி தந்திகளை இழந்திருந்தார். நல்லவேளையாக மூன்றின் அடித்துண்டுகளும் அவருடைய கிடார் பையிலேயே கிடந்தன. மேசையில் அருகருகே வைத்தோம். மூன்று துண்டுகளும் ஒரே நீளம். மூன்று வெவ்வேறு விலையில், இரண்டு வெவ்வேறு தயாரிப்பில் வாங்கப்பட்ட தந்திகள் ஒரே நீளத்தில் அறுந்திருந்தால், குற்றம் தந்தியில் இருக்க இயலாது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? சேணத்தைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, பள்ளத்தின் முன்விளிம்பில் வார்ப்பின் வரம்பு தெளிவாகத் தெரிந்தது. அரை மணி நேரத்துக்குள் தேய்த்துச் சீராக்கினோம். அதன்பின் மாட்டிய தந்தி ஓராண்டைக் கடந்தும் நிற்கிறது. அந்த மாணவர் அதற்குள் வாசிப்பதையே விட்டுவிடும் முடிவில் இருந்தார் என்பதுதான் எனக்கு வருத்தம் தந்த செய்தி.

எனவே, தந்தி அறுந்ததும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். அறுந்தது எந்தத் தந்தி? அடிமுனையிலிருந்து எவ்வளவு தூரத்தில்? மாட்டி எத்தனை நாளில்? அறுந்த துண்டில் இவற்றை எழுதி ஒட்டிவைத்தால் போதும். எப்போதும் ஒரே தந்தி, ஒரே தூரத்தில் என்றால் அந்தத் தந்தியின் சேணத்தைச் சோதிக்க வேண்டும். நான்கும் மாறி மாறி அறுந்தால் துரு, கோணம், சுருதி ஏற்றம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உருளையை ஒட்டிய முறுக்கிலேயே அறுந்தால் தந்தியின் தயாரிப்போ, அது அமர்ந்த இடமோ காரணம். அறுந்த முனையையும் பார்க்கலாம்: இழுபட்டு மெலிந்திருந்தால் மிகையான இழுவை, மெலியாமல் தட்டையாக முறிந்திருந்தால் சோர்வு, பழுப்பேறியிருந்தால் துரு.

சரிசெய்யும் முறை

சேணத்தைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. காது குடையும் பஞ்சுக் குச்சியைத் தந்தி அமரும் பள்ளத்தில் முன்னும் பின்னும் இழுத்தால் போதும். விரலுக்குத் தென்படாத பிசிறும் பஞ்சின் இழையைப் பிடித்துக்கொள்ளும்.

பிசிறு இருந்தால், சேணத்தைக் கருவியிலிருந்து கழற்றி வெளியே வைத்தே தேய்க்க வேண்டும். பிக்கப்பில் காந்தம் இருப்பதால் எஃகுத் துகள் பறந்தால் அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு எடுப்பது கடினம். கழற்றும் முன் சேணத்தின் உயரத்தையும், முன்பின் நிலையையும் அளந்து குறித்துக்கொள்வது அவசியம். அந்த நிலை மாறினால் மேற்சுரங்கள் சுருதி பிசகும். தந்தியின் தடிமனுக்கேற்ற உருண்டை ஊசி அரத்தால் கூரிய விளிம்பை மட்டும் மெல்ல உருட்டிவிட வேண்டும். பள்ளத்தை ஆழமாக்கக் கூடாது. பிறகு 400, 600, 1000 என்ற வரிசையில் உப்புத்தாளைக் கொண்டு, தந்தி செல்லும் திசையிலேயே மெருகேற்ற வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல்களே புதிய பிசிறுகளாகிவிடும். கடைசியில் பென்சில் கரியைச் சிறிது தடவினால் தந்தி வழுக்கி நகரும். பூச்சு முற்றிலும் உரிந்து பள்ளம் ஆழமாகிவிட்ட சேணத்தை மாற்றிவிடுவதே சிக்கனம். எஃகு அல்லது பித்தளையில் கடைந்த சேணங்கள் நெடுங்காலம் உழைக்கும்.

வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்திகளையும் குதிரையையும் துடைப்பது, சுருதியை ஏற்றுவதற்குப் பதிலாக விரல் இடத்தை மாற்றி வாசிக்கப் பழகுவது ஆகிய இரண்டும் செலவில்லாத மருந்துகள்.

நம் மரபு அறிந்ததே

இதில் எதுவும் மேலைநாட்டிலிருந்து புதிதாகக் கற்க வேண்டியதன்று. தஞ்சாவூர் வீணையின் மரக் குதிரைக்கு மேல் வெண்கலத் தகடு பதிக்கப்பட்டிருக்கும். அந்தத் தகட்டின் மெல்லிய வளைவைச் சீர்செய்வதில் வீணைக் கலைஞர்கள் காட்டும் பொறுமை நாம் அறிந்தது. நாதத்துக்காகவே அவ்வளவு உழைப்பும். ஆயினும், கூர்விளிம்பே இல்லாத அந்த வளைவு தந்தியையும் காக்கிறது. வயலினில் மெல்லிய எஃகுத் தந்தி மரக் குதிரையை அறுத்துவிடாமல் இருக்க ஒரு சிறு தோல்துண்டை ஒட்டுகிறார்கள். தந்தி தொடும் இடத்தைப் பேணுவது இசைக்கருவிக் கலையின் பாலபாடம்.

பொறியியலிலும் அப்படியே. பொருளைக் கடைந்து முடித்ததும் விளிம்பின் பிசிறை நீக்குவது ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பயிற்சியின் தொடக்கப் பாடங்களுள் ஒன்று. 'பர் எடுத்தாயா?' என்று கேட்காத ஆசிரியர் இல்லை. அம்பத்தூரில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் இந்த வேலையைப் பத்து நிமிடத்தில் செய்துமுடிக்கும் கைகள் இருக்கின்றன. அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர் பலருடைய பிள்ளைகளே இங்கே கிடார் வாசிக்கிறார்கள். தந்தையின் பட்டறை அரத்துக்கும் மகனின் கிடார்ப் பைக்கும் தொடர்பு இருப்பதாக இருவருக்கும் தோன்றுவதில்லை. இசைக்கருவி என்றால் அது கடையில் வாங்கி, கடையிலேயே மாற்ற வேண்டிய பொருள் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது.

இதை மாற்றப் பெரும் திட்டமோ நிதியோ தேவையில்லை. இசை கற்றுத்தரும் பள்ளிகள், வாசிக்கக் கற்பிக்கும்போதே கருவியைக் கழற்றிப் பார்க்கவும் ஒரு வகுப்பை ஒதுக்கலாம். ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு ஒரு பயிற்சிப் பொருளாகப் பித்தளைச் சேணம் ஒன்றைக் கடையக் கொடுக்கலாம். அளவு, வளைவு, மெருகு என மூன்று திறன்களையும் அது சோதிக்கும். பாடற்குழுக்கள் ஒரு சிறு பெட்டியில் ஊசி அரம், உப்புத்தாள், ஆலன் கீ, பூதக்கண்ணாடி ஆகியவற்றை வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெட்டியின் விலை ஒரு தந்தித் தொகுப்பின் விலையைத் தாண்டாது.

ஒரு பொருள் திரும்பத் திரும்ப உடையும்போது புதியதை வாங்குவதும், பயன்படுத்தியவரைக் குறைசொல்வதும் எளிது. அது எங்கே உடைகிறது என்று குனிந்து பார்ப்பதற்குச் சிறிது பொறுமை தேவை. தந்தி அறுந்தால், அடுத்த தந்தியை மாட்டுவதற்கு முன் அந்தப் பஞ்சுக் குச்சியைக் கையில் எடுங்கள். வாசிக்கும் கையைப் பழிப்பதை அதுவரை ஒத்திவைக்கலாம்.